ஐசோட்ரெடினோயின் சாப்பிடும் மாதங்களில் தோலைப் பார்த்துக்கொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

மாத்திரை ஆரம்பித்த ஒன்பதாம் நாள். ஆபீஸ் வாசல் டீக்கடையில் மெதுவடையைக் கடிக்க வாயைத் திறந்தேன், உதட்டின் வலது ஓரம் சுரீரென்று பிளந்தது. வடையில் ஒரு பொட்டு ரத்தம். கூடவே தொட்டிருந்த காரச் சட்னி அந்தப் பிளவில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பருவுக்குத்தானே மாத்திரை, உதடு ஏன் கிழிகிறது என்று யாரும் எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கவில்லை. அப்புறம் பத்து மாதம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டு முடித்தேன். என் தம்பியும் பின்னால் சாப்பிட்டான். நாங்கள் பட்டும் கேட்டும் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதெல்லாம் தோல் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. அந்த மாதங்களில் தோலோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில், இந்த மாத்திரை என்ன செய்கிறது?

ஐசோட்ரெடினோயின், வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. அமெரிக்காவில் 1982-இல் அனுமதி பெற்றது. நம் ஊர் மருந்துக்கடையில் சோட்ரெட், ட்ரெடிவா போன்ற பெயர்களில் 5, 10, 20 மில்லிகிராம் என்று பல அளவுகளில் கிடைக்கும். மற்றப் பரு மருந்துகள் கிருமியைக் கொல்லும், அடைப்பைத் திறக்கும். இதுவோ எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். அதனால்தான் எதற்கும் அடங்காத பெரிய கட்டிப் பருவும் இதற்கு அடங்குகிறது.

ஆனால் அந்த எண்ணெய் வெறும் தொந்தரவு இல்லை. தோலின் ஈரம் வெளியே போகாமல் மூடி வைத்திருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. எண்ணெய் வற்றும்போதே தோலின் மேலடுக்கும் மெலிந்துபோகிறது. முன்பு எதைத் தேய்த்தாலும் தாங்கிய அதே முகம், இப்போது துண்டால் அழுத்தித் துடைத்தாலே எரியும். ஆகவே இந்த மாதங்களில் பருவைக் கவனிக்கும் வேலை முழுக்க மாத்திரையுடையது. உங்களுக்கு இரண்டே வேலை: ஈரத்தை உள்ளே நிறுத்துவது, முகத்தைச் சும்மா விடுவது. இரண்டாவதுதான் கஷ்டம். வருஷக்கணக்கில் முகத்தில் எதையாவது பூசியே பழகிய கைக்கு, பூசாமல் இருக்கத் தெரியாது.

தொடங்கும் முன்: குளியலறை அலமாரியைக் காலி செய்யுங்கள்

மருத்துவர் வெறும் வயிற்றில் ரத்தக் கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகள் எழுதித் தருவார். பெண்கள் என்றால் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. இவற்றைத் தள்ளிப்போடாமல் முடித்துவிடுங்கள். மாத்திரை, ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடைக் கூட்டக்கூடியது. ஆரம்ப அளவு தெரியாவிட்டால், பின்னால் கூடியிருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் சொல்லுங்கள், சத்து மாத்திரை உட்பட. வைட்டமின் ஏ உள்ள மல்டிவைட்டமினையும் காட் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையையும் நிறுத்த வேண்டும். அடிக்கடி ஆட்டு ஈரல் சாப்பிடுபவர்கள் அதையும் குறைத்துக்கொள்ள வேண்டும். கேரட்டும் பப்பாளியும் முருங்கைக்கீரையும் அந்தக் கணக்கில் வராது. அவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின், உடம்பு தனக்குத் தேவையானதை மட்டுமே அதிலிருந்து வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். முருங்கைக்கீரைப் பொரியலைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின் போன்ற டெட்ராசைக்ளின் வகை மருந்துகளை இதோடு சேர்க்கவே கூடாது. மூளையைச் சுற்றி அழுத்தம் கூடும் ஆபத்து இருக்கிறது. பருவுக்கு முன்பு எழுதிக்கொடுத்த டாக்ஸிசைக்ளின் வீட்டில் மிச்சம் கிடக்கலாம். அதைவிட முக்கியம், மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் சந்தேகம் என்றால் டாக்டர்கள் முதலில் எழுதுவதும் பெரும்பாலும் அதே டாக்ஸிசைக்ளின்தான். காய்ச்சலுக்கு எந்த டாக்டரிடம் போனாலும் உட்கார்ந்ததும் "நான் ஐசோட்ரெடினோயின் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

சரி, அலமாரிக்கு வருவோம். ஸ்க்ரப், பென்சாயில் பெராக்ஸைடு ஜெல், சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ், அடாபலீன், ரெட்டினால், வைட்டமின் சி சீரம், டோனர் எல்லாம் ஒரு பெட்டிக்குள் போகட்டும். அதே பெட்டியில் கடலைமாவு, பயத்தமாவு, முல்தானி மட்டி, கஸ்தூரி மஞ்சள், நலங்கு மாவு. "அது இயற்கையானதுதானே" என்று என் அம்மா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. இயற்கைதான். ஆனால் மாவு என்பது இருக்கிற எண்ணெயை உறிஞ்சி, சொரசொரப்பாகத் தேய்த்து எடுப்பது. எடுக்க எண்ணெயே இல்லாத முகத்தில் அது தோலைத்தான் எடுக்கும். எலுமிச்சைச் சாற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மருந்துச் சீட்டில்லாமல் கடையில் கேட்டு வாங்கிய 'சிவப்பாக்கும்' கிரீம் இருந்தால், அதன் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால் என்று எதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பருவை அதுவே கூட்டியிருக்கலாம். பல மாதம் பூசியதைத் திடீரென நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியும். மருத்துவரிடம் மறைக்காமல் காட்டுங்கள்.

காலியான தட்டில் வைக்க ஐந்து சாமான் போதும்: சோப்பில்லாத மிதமான கிளென்சர், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், பெட்ரோலியம் ஜெல்லி, கண்ணுக்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. மாய்ஸ்சரைசரில் கிளிசரின், செராமைட், பெட்ரோலேட்டம், டைமெத்திகோன் ஆகியவற்றில் சில இருந்தால் நல்லது. விலை கூடினால் ஈரமும் கூடிவிடாது. மருத்துவர் எழுதும் சாதாரண டியூபே எனக்குக் கடைசிவரை போதுமானதாக இருந்தது.

மாத்திரையைச் சாப்பாட்டோடு, அதுவும் கொழுப்போடு

இது தோல் பராமரிப்பா என்று கேட்கலாம். ஆமாம். மருந்து உள்ளே போகாவிட்டால் மீதி எல்லாமே வீண். ஐசோட்ரெடினோயின் கொழுப்பில் கரைவது. வெறும் வயிற்றில் போட்டால் உள்ளே போக வேண்டியதில் பாதிகூடப் போகாது. பால், முட்டை, நெய் தோசை, வேர்க்கடலை எதாவது கூட இருக்கட்டும். நான் காலையில் இட்லியும் பொடியும்தான். முன்பு பயந்து பயந்து அரை ஸ்பூன் நல்லெண்ணெய் விடுவேன். மருத்துவர் சிரித்துவிட்டு "தாராளமா விடுங்கம்மா, எண்ணெய் சாப்பிட்டு பரு வராது" என்றார். ராத்திரி சாதம் நன்றாகச் சாப்பிடுபவர் என்றால் ராத்திரியே போடுங்கள். தினமும் ஒரே வேளை என்பதுதான் கணக்கு. ஒருநாள் மறந்தால் மறந்ததுதான், அடுத்த நாள் இரண்டாகப் போடாதீர்கள்.

எத்தனை நாள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பரவலாகப் பின்பற்றப்படும் மொத்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 6000 மில்லிகிராம். தினம் 20 என்றால் 300 நாள். என் பத்து மாதம் அப்படி வந்ததுதான். சிலருக்கு மருத்துவர் குறைந்த அளவில் நீட்டிக் கொடுப்பார். முகம் தெளிந்துவிட்டதே என்று நான்காம் மாதத்தில் தானாக நிறுத்துபவர்களுக்குத்தான் பெரும்பாலும் பரு திரும்புகிறது.

முதல் மாதத்தில் பரு கூடலாம். எனக்கு மூன்றாம் வாரம் தாடையில் வரிசையாக வந்தது. அதற்குப் பயந்து பழைய ஜெல்லைத் தேடி எடுக்காதீர்கள். ரொம்ப அதிகமாக, வலியோடும் காய்ச்சலோடும் வந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

காலை: மூன்று வேலை, ஐந்து நிமிஷம்

முகம் கழுவ வெறும் தண்ணீரே போதும் என்று ஒரு கட்டத்தில் தோன்றும். தோன்றினால் அப்படியே செய்யுங்கள். வேர்த்து வழிந்திருந்தால் மட்டும் கிளென்சர். சாதாரண குளியல் சோப்பு காரத்தன்மை உள்ளது, தோலின் மேற்பரப்போ லேசான அமிலத்தன்மையில் இருப்பது. போர் தண்ணீர் வரும் வீடுகளில் சோப்பு சரியாக அலசிப் போகாமல் ஒரு படலமாக முகத்தில் தங்கிவிடும். கிளென்சர் நுரைக்கவில்லையே என்று கூடுதலாகப் பிதுக்க வேண்டாம். அது நுரைக்காததுதான் நல்லது.

தண்ணீர் சூடாக வேண்டாம், குளியல் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். துடைப்பதற்கு நான் அப்பாவின் பழைய வேட்டியைச் சதுரமாகக் கிழித்து வைத்துக்கொண்டேன். பல வருஷம் துவைத்துத் துவைத்துப் பூவாக இருக்கும் துணி அது. டர்க்கி டவல் அந்த முகத்துக்கு உப்புத்தாள் மாதிரி. துடைப்பது என்றுகூடச் சொல்லக் கூடாது, ஒற்றி எடுப்பது.

ஈரம் முழுக்கக் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிஷத்தில், மாய்ஸ்சரைசர். இந்த நேரம்தான் ரகசியம். காய்ந்த முகத்தில் பூசினால் மேலே வழுவழுப்பாக இருக்கும், உள்ளே இழுக்கும். ஈர முகத்தில் பூசினால் அந்த ஈரத்தையே உள்ளே வைத்துப் பூட்டிவிடும். "இந்தப் புழுக்கத்தில் கிரீமா?" என்று சென்னையில் இருப்பவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் வியர்வை தோலுக்கு ஈரம் தருவதில்லை. அது ஆவியாகிப் போய், உப்பை மட்டும் விட்டுவிடும். பகலில் பிசுபிசுக்காத ஜெல் கிரீம், ராத்திரி கெட்டியானது என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பிரச்சினை தீரும். ஏசியில் எட்டு மணி நேரம் உட்காருபவர்கள் மதியம் ஒரு முறை மெல்லியதாக மறுபடி பூச வேண்டிவரும்.

அப்புறம் சன்ஸ்கிரீன். அதற்குத் தனியாக வருகிறேன்.

ராத்திரி

நாள் முழுவதும் பூசிய சன்ஸ்கிரீனும் ரோட்டுத் தூசியும் போக கிளென்சர், ஒருமுறை மட்டும். பின் கெட்டியான மாய்ஸ்சரைசர். இரண்டாம் மூன்றாம் மாதங்களில் மூக்கோரமும் வாயைச் சுற்றியும் தோல் செதில் செதிலாக உரியும். விரலால் பிய்க்கத் தோன்றும், கண்ணாடி முன்னால் நின்றால் கை தானாகப் போகும். ஒரு செதில் பிய்த்தால் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நல்ல தோலும் சேர்ந்து வரும், ஒரு வாரத்தில் அங்கே ஒரு கரும்புள்ளி நிற்கும். நம் நிறத்துக்குச் சின்னக் காயம்கூடக் கறுத்துத்தான் ஆறும், மறைய மாதக்கணக்காகும். உரியும் இடத்தில் மாய்ஸ்சரைசர் மேல் ஒரு மெல்லிய பூச்சு பெட்ரோலியம் ஜெல்லி போட்டுத் தூங்குங்கள். காலையில் பழைய வேட்டித் துணியை நனைத்து ஒற்றினால், போக வேண்டியது தானாகப் போகும்.

தேங்காய் எண்ணெய் முகத்தில் பூசலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது துவாரங்களை அடைக்கக்கூடியது. பருவுக்கு வைத்தியம் நடக்கும்போது முகத்துக்கு வேண்டாம். கை, கால், முழங்கைக்குத் தாராளமாகத் தடவுங்கள். எண்ணெய்க் குளியலை விடத் தேவையில்லை. ஆனால் சீயக்காய், அரப்பு இரண்டும் தலைத்தோலை இன்னும் காயவைக்கும், முகத்தில் வழிந்தால் எரியும். அந்த மாதங்களுக்கு மட்டும் மிதமான ஷாம்பு. முடி கொஞ்சம் கூடுதலாக உதிரலாம், பெரும்பாலும் மருந்து முடிந்ததும் சரியாகிவிடும்.

உதடு: இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும்

மற்ற இடங்களில் பக்கவிளைவு வரலாம், வராமலும் இருக்கலாம். உதடு அநேகமாக எல்லோருக்கும் வெடிக்கும். வெடிக்கவே இல்லை என்றால் "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறீங்களா?" என்று மருத்துவரே கேட்பார். உதட்டில் மற்றத் தோலைப் போல எண்ணெய்க் காப்பு கிடையாது, அதனால்தான் முதல் அடி அங்கே விழுகிறது.

வெடித்த பிறகு பூசுவதில் பாதிப் பயன்தான். மாத்திரை போடும் முதல் நாளிலிருந்தே, உதடு நன்றாக இருக்கும்போதே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்ரோலியம் ஜெல்லி. நான் ஒரு டப்பா கைப்பையில், ஒன்று ஆபீஸ் மேஜையில், ஒன்று தலையணைக்கு அடியில் என்று மூன்று வைத்திருந்தேன். "ஏண்டி எப்பப் பாரு உதட்டுல எண்ணெயோட திரியறே, இப்பத்தான் பஜ்ஜி தின்னவ மாதிரி" என்பார் அம்மா. திரிந்தேன்.

சாப்பிட உட்காரும் முன் ஒரு பூச்சு கட்டாயம். ஊறுகாயின் உப்பும் ரசத்தின் புளிப்பும் உதட்டில் நேராகப் படாது. நாக்கால் நனைப்பதை எப்படியாவது நிறுத்துங்கள். எச்சில் காயும்போது இருக்கிற ஈரத்தையும் கொண்டுபோகும். மென்தால், கற்பூரம், இலவங்கப்பட்டை சேர்த்த லிப்பாம் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் புண்ணை எரிச்சலாக்கும். காரமான புதினாப் பற்பசையும் அப்படியே. மேட் லிப்ஸ்டிக்கைக் கல்யாண வீட்டுக்குக்கூட நான் போடவில்லை. பகலில் வெளியே போனால் எஸ்பிஎஃப் (வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எண்) போட்ட லிப்பாம். அவசரத்தில் ஒன்றும் கிடைக்காவிட்டால் சமையலறை நெய் ஆபத்துக்குப் பாவமில்லை.

வாயோரப் பிளவு பத்து நாளாகியும் ஆறாமல், வெள்ளையாகவோ மஞ்சள் பொருக்காகவோ இருந்தால் அது வறட்சி மட்டுமில்லை, தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து வேண்டும். நீங்களே ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசாதீர்கள்.

வெயில்

மெலிந்த தோலில் வெயில் சீக்கிரம் சுடும். கூடவே, பரு ஆறிய ஒவ்வொரு சிவப்புத் தடத்தையும் கறுப்பாக்கிவிடும். மாத்திரை பருவை ஆற்றிக்கொண்டே வர, வெயில் தடத்தைக் கறுக்க வைத்துக்கொண்டே வந்தால், கடைசியில் கண்ணாடியில் தெரிவது தடம்தான்.

எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகப் பிதுக்கும் அளவு. பட்டாணி அளவு பூசினால் அட்டையில் போட்டிருக்கும் எண் கிடைக்காது. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. எரிகிறது என்றால் ஜிங்க் ஆக்ஸைடு வகைக்கு மாறுங்கள். அது மாநிறத்தில் திருநீறு பூசியது போல வெளுத்துத் தெரியும். அயர்ன் ஆக்ஸைடு கலந்த, நிறமுள்ள வகை நம் தோலுக்குப் பொருந்துவதோடு கருமை ஏறுவதையும் கொஞ்சம் தடுக்கும்.

எந்த கிரீமும் குடைக்கு ஈடில்லை. நடந்து போகிறவருக்குக் குடை, வண்டியில் போகிறவருக்குக் கண்ணாடி மூடிய ஹெல்மெட். ஹெல்மெட் உள்துணியை வாரம் ஒருமுறை துவையுங்கள். தாடையில் வார் உரசும் இடத்தில் ஒரு மெல்லிய பருத்திக் கைக்குட்டை வைத்துக்கொள்ளலாம். என் தம்பிக்கு அந்த வார் பட்ட இடத்தில் மட்டும் தோல் இரண்டு தடவை வழண்டது.

மூக்கு, கண், கை

மூக்குக்குள் காய்ந்து பொருக்கு கட்டும். அதைச் சீண்டினால் ரத்தம். மருந்துக்கடையில் விற்கும் உப்புநீர்ச் சொட்டு விட்டுக்கொள்ளலாம். ராத்திரி முன்பக்கத்தில் மட்டும் காது குடையும் பஞ்சுக்குச்சியால் லேசாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம்.

கண் மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. அடிக்கடி விட வேண்டியிருந்தால் பிரிசர்வேட்டிவ் இல்லாததை வாங்குங்கள். கான்டாக்ட் லென்ஸ் பலருக்கு ஒத்துவராது, அந்த மாதங்களுக்குக் கண்ணாடிதான். இரவில் பார்வை மங்குகிறது என்று தோன்றினால் ராத்திரி வண்டி ஓட்டுவதை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கை பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. புறங்கையில் காசு காசாகச் சிவந்து சொரசொரத்து அரிக்கும். படை என்று நினைத்துப் படை மருந்து போடுவார்கள். பெரும்பாலும் அது வறட்சியால் வரும் எக்ஸிமா என்ற தோல் அழற்சிதான். பாத்திரம் தேய்க்கும்போது கையுறை, கை கழுவும் ஒவ்வொரு முறையும் கிரீம். சானிடைசரைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள்.

பொட்டு, பிளேடு, பார்லர்

ஐந்தாம் மாதம் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்து ஸ்டிக்கர் பொட்டை உரித்தேன். பொட்டோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்தது என் தோல், அதே அளவு வட்டமாக. ஒரு மாதத்துக்கு அங்கே பொட்டு வைக்கவே தேவையில்லை, தோலே கறுத்து வைத்துக்கொண்டது. பொட்டு பசையே பிடிக்காமல் விழும் அளவுக்கு வியர்க்கும் ஊரில் இப்படியும் நடக்கும். ஸ்டிக்கரை விட்டுவிட்டு, மாய்ஸ்சரைசர் பூசிய பிறகு பென்சிலால் வைத்துக்கொள்ளுங்கள். திருநீறு ஈரத்தை உறிஞ்சும். கோயிலில் இட்டுக்கொள்வதை யார் வேண்டாம் என்பது? வீட்டுக்கு வந்ததும் ஒற்றித் துடைத்துவிட்டு கிரீம் தடவினால் சரி.

ஸ்டிக்கருக்கே இந்தக் கதி என்றால் வாக்ஸிங் என்ன செய்யும் என்று பாருங்கள். மருந்து நடக்கும் காலத்திலும் முடிந்து ஆறு மாதம் வரையிலும் வாக்ஸிங் வேண்டாம், கை கால்களுக்கும்தான். திரெடிங்கில் நூல் இழுக்கும் இடத்தில் தோல் வழலலாம். நான் புருவத்தைச் சின்னக் கத்தரியால் ஒழுங்குபடுத்தி ஒப்பேற்றினேன். ஃபேஷியல், பிளீச், மேல்தோலை உரிக்கும் பார்லர் பீல் எதுவும் கூடாது. மூக்குக் குத்துவது, பச்சை குத்துவது தள்ளி வையுங்கள், காயம் ஆறுவதில் கோளாறு வரலாம். மொட்டை வேண்டுதல் இருந்தால் மருந்து முடிந்தபின் நிறைவேற்றுங்கள். சாமி காத்திருக்கும்.

ஆண்களுக்குச் சவரம். கடையில் ஒரே இழுப்பில் மழிப்பதற்குப் பதில் மின்சார டிரிம்மரால் ஒட்ட வெட்டிக்கொள்வது உத்தமம். மழித்தே ஆக வேண்டுமென்றால் குளித்து முடித்து முடி மிருதுவாக இருக்கும்போது, புது பிளேடு, முடி வளரும் திசையில், ஒரே தடவை. படிகாரமும் ஆஃப்டர்ஷேவும் கூடாது. என் தம்பி தாடி வளர்த்துவிட்டான், இந்த மாத்திரையின் புண்ணியத்தில்.

கல்யாணம் நிச்சயமானவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்

நம் வீடுகளில் பருவுக்குத் தீவிரமாக வைத்தியம் தொடங்குவதே பெண்ணுக்கு வரன் பார்க்கும்போதுதான். "ஆறு மாசத்துல கல்யாணம், அதுக்குள்ள முகம் தெளியணும்" என்று தோல் மருத்துவர் முன்னால் போய் உட்காருவோம். இந்த ஒரு மருந்துக்கு அந்தக் கணக்கு ஆபத்தானது.

ஐசோட்ரெடினோயின் சாப்பிடும்போது கருத்தரித்தால் குழந்தையின் காது, முகம், இதயம், மூளை ஆகியவற்றில் கடுமையான குறைபாடு வரலாம். சில நாள் சாப்பிட்டிருந்தாலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் இதற்காகவே 2006-லிருந்து தனிப் பதிவுத் திட்டம் நடக்கிறது. நம் ஊர் மாத்திரை அட்டையிலும் எச்சரிக்கை அச்சடித்திருக்கும். விதி இது: தொடங்க ஒரு மாதம் முன்பிருந்து, சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்தி ஒரு மாதம் வரை கர்ப்பம் கூடவே கூடாது, அதற்கான கருத்தடை முறைகளை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். கூட அம்மா உட்கார்ந்திருப்பதால் பேசக் கூச்சமாக இருந்தால், "டாக்டர், ரெண்டு நிமிஷம் தனியாப் பேசணும்" என்று கேளுங்கள். அவர்களுக்கு அது பழக்கம். நாள் தள்ளிப்போனால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கல்யாணத் தேதி நெருங்கிவிட்டது என்றால் வேறு வைத்தியம் கேளுங்கள், நிறைய இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முன் செய்யும் நலங்கு, ஃபேஷியல், பிளீச் வரிசையும் இந்த மருந்தோடு ஒத்துப்போகாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆண்களுக்குக் குழந்தை பெறுவதில் இந்தத் தடை இல்லை. ஆனால் ரத்ததானம் ஆண் பெண் இருவருமே செய்யக் கூடாது, கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதம் வரை. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏறிவிடலாம்.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியவை

உதடு வெடிப்பதையும் தோல் உரிவதையும் சமாளித்துக்கொள்ளலாம். கீழே உள்ளவற்றை அப்படி விடக் கூடாது: பார்வை மங்கலோடும் வாந்தியோடும் வரும் கடும் தலைவலி, தாங்க முடியாத வயிற்று வலி, மலத்தில் ரத்தம், கண் மஞ்சளாவது, கொப்புளம் கட்டி உரியும் சொறி. இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போங்கள். மனசு காரணமில்லாமல் கனத்துக்கொண்டே போனாலும், வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலும் அதே வேகம்தான். இதில் வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. "ஏன் இவன் யார்கிட்டயும் பேசறதில்ல" என்று முதலில் கவனிப்பது அவர்கள்தான். ஆரம்பத்திலேயே சொல்லி வையுங்கள். மதுவும் இந்த மருந்தும் கல்லீரலுக்கு இரட்டைச் சுமை, அந்த மாதங்களில் வேண்டாம்.

மூட்டு, இடுப்பு வலி சிலருக்கு வரும். ஜிம்மில் எடையைக் குறைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

மாத்திரை முடிந்த பிறகு

உதடு சில வாரங்களில் பழையபடி ஆனது. ஒருநாள் மத்தியானம் ஆபீஸில் மூக்குநுனியைத் தொட்டேன், லேசாக எண்ணெய். வருஷக்கணக்கில் திட்டித் தீர்த்த அந்த எண்ணெயைக் கண்டு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

அவசரப்பட்டு பெட்டியைத் திறந்து பழைய சீரம்களை வரிசையாகப் பூசாதீர்கள். ஒரு மாதம் சும்மா விட்டு, பின் ஒவ்வொன்றாக. கரும் தடங்களுக்கு அசெலாயிக் ஆசிட், நியாசினமைடு போன்றவற்றை மருத்துவர் சொல்லித் தருவார். சிலருக்குப் பரு திரும்பாமலிருக்க ராத்திரி அடாபலீன் எழுதுவார். குழி விழுந்த தழும்புக்கு லேசர் எப்போது என்பதில் முன்பு எல்லாவற்றுக்கும் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். 2017-இல் அமெரிக்கத் தோல் அறுவை நிபுணர்கள் ஆதாரங்களைத் திரும்பப் பார்த்து, மேலோட்டமான பீல், முடி நீக்கும் லேசர் போன்ற சிலவற்றுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை என்றார்கள். தோலை ஆழமாகச் சுரண்டும் சிகிச்சைக்குப் பழைய எச்சரிக்கை அப்படியே நிற்கிறது. எது உங்களுக்கு என்பதை மருத்துவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பார்லரில் கேட்காதீர்கள்.

எனக்குக் கடைசியில் நான்கு மாத்திரை மிச்சம் இருந்தது. சித்தி பெண் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, மீதி இருந்தா எனக்குக் குடுங்களேன், நாலு நாள் போட்டுப் பாக்கறேன்" என்றாள். அவளுக்கு மூன்று மாதம் முன்புதான் கல்யாணம் ஆகியிருந்தது. அட்டையை அவள் கண் முன்னாலேயே கிழித்து, மாத்திரைகளைக் காப்பித்தூள் சக்கையோடு பிசைந்து குப்பையில் போட்டுவிட்டு, என் தோல் மருத்துவரின் நம்பரை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.